பவர் பட்டனை அழுத்தினால் கண்ணிமைக்கும் நேரம் வெளிச்சம், பிறகு ஒன்றுமில்லை: மதர்போர்டு போய்விட்டது என்கிறார்கள்

கயல் (தூத்துக்குடி)

எல்லோருக்கும் வணக்கம். லேப்டாப் 15.6 அங்குலம், எட்டாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எம்.2 எஸ்எஸ்டி, கூடவே 1 டிபி ஹார்டு டிஸ்க். வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது. முந்தின இரவு ஒழுங்காக ஷட்டவுன் செய்தேன். காலையில் பவர் பட்டனை அழுத்தினால் அதன் விளக்கு ஒரு விநாடி எரிந்து அணைந்துவிட்டது. எத்தனை தடவை அழுத்தினாலும் அதேதான்.

சர்வீஸ் சென்டரில் "மதர்போர்டு மாத்தணும், 18,500 ஆகும்" என்றார்கள். இன்னொரு கடையில் திறந்துகூடப் பார்க்காமல் "சிப் லெவல் வேலை, விட்டுட்டுப் போங்க" என்றார்கள். என் ஆய்வேட்டின் இரண்டு இயல்கள் அதற்குள் இருக்கின்றன, வேறு எங்கும் பிரதி கிடையாது. இது உண்மையிலேயே மதர்போர்டா? அந்தப் பணத்தைப் போட்டுப் புதிதே வாங்கிவிடலாமா?

ரேம்ராசா (மதுரை)

சிம்பிள். பின்மூடியைக் கழற்றி ரேமை எடுங்க, பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க வச்சிருக்கிற ரப்பரால அந்தத் தங்கக் கோட்டைத் தேய்ங்க, திருப்பி மாட்டுங்க. ஓடும். நான் பார்த்த லேப்டாப் எல்லாம் இப்படித்தான் ஓடிச்சு.

பழைய சோல்டர் (ஈரோடு)

ரேம்ராசா தம்பி, கேள்வியை முழுசாப் படிங்க. ரேம் தொந்தரவுன்னா லேப்டாப் பெரும்பாலும் உயிரோட இருக்கும். விளக்கு எரியும், ஃபேன் சுத்தும், திரை மட்டும் கறுப்பா நிக்கும். சில மாடல்ல விளக்கே கணக்குப் போட்டுச் சிமிட்டிக் காட்டும். டெல்லுல பல மாடல்ல ஆரஞ்சு 2, வெள்ளை 3 சிமிட்டினா ரேமே தெரியலைன்னு அர்த்தம். 2-க்கு 4 வந்தா ரேம் இருக்கு, ஆனா கெட்டுப்போச்சு. இங்க விளக்கே நிக்க மாட்டேங்குதே.

"ஆன் ஆகலை"ன்னு மூணு வேற வேற வியாதிக்கும் ஒரே பேர் வச்சிடறாங்க. கரண்ட்டே நிக்காதது ஒண்ணு. கரண்ட் நின்னு படம் வராதது இன்னொண்ணு. கம்பெனி லோகோ வரை வந்து விண்டோஸுக்குப் போகாதது மூணாவது. மூணாவதுக்கு டிஸ்க்கைப் பார்க்கணும். ரெண்டாவதுக்கு ரேம், திரை கேபிள், பேக்லைட் (திரைக்குப் பின்னாடி எரியற விளக்கு). இருட்டுல திரை மேல டார்ச் அடிச்சு மங்கலாப் படம் தெரியுதான்னு பார்க்கறது, எச்டிஎம்ஐ-ல டிவியில போட்டுப் பார்க்கறது எல்லாம் அதுக்குத்தான். உங்களுது முதல் வகை மாதிரித் தெரியுது.

கயல், சார்ஜர் மாட்டினா அதோட விளக்கு எரிஞ்சபடியே இருக்கா, அணையுதா? லேப்டாப்புல சார்ஜ் விளக்கு வருதா? பட்டனை அழுத்தினப்போ ஃபேன் ஒரு துடிப்பாவது துடிச்சுதா? தண்ணி, டீ ஏதாச்சும் சிந்தினதா?

கயல் (தூத்துக்குடி)

சார்ஜர் விளக்கு அணையவில்லை. லேப்டாப்பில் சார்ஜ் விளக்கும் வருகிறது. ஃபேன் துளிகூட அசையவில்லை, காதை வைத்துக் கேட்டேன். எதுவும் சிந்தவில்லை. ஆனால் ஜன்னலோரம்தான் எப்போதும் வைத்திருப்பேன், எங்கள் வீடு கடற்கரைப் பக்கம். ஜன்னல் கம்பி வருடம் தவறாமல் துருப்பிடிக்கும்.

மின்பொறி (சென்னை)

நடுவில் வருகிறேன், பிரிப்பதற்கு முன்னால் சார்ஜரைக் கழித்துவிடுங்கள். விளக்கு எரிகிறது என்பதால் சார்ஜர் நல்லது என்று சொல்ல முடியாது. உள்ளே கெப்பாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் சின்ன பாகம்) உப்பிய சார்ஜர், சும்மா அளந்தால் 19.5 வோல்ட் அழகாகக் காட்டும், சுமை ஏறியதும் சரிந்துவிடும். சார்ஜர் முதுகில் 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என்று இருந்தால் அது 65 வாட். இரவல் வாங்கும் சார்ஜரிலும் அதே வோல்ட், அதே முனை இருக்க வேண்டும். ஆம்பியர் அதைவிடக் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை, குறைவாக இருக்கக் கூடாது.

சில கம்பெனி முனைகளின் நடுவில் ஊசி மாதிரி மெல்லிய கம்பி ஒன்று இருக்கும். அது மின்சாரத்துக்கு அல்ல, சார்ஜர் தன் வாட்டைச் சொல்வதற்கு. அது வளைந்திருந்தால் லேப்டாப் ஓடும், பேட்டரி மட்டும் ஏறாது. ஆக உங்கள் பிரச்சினைக்கு அது காரணமாக இருக்க வாய்ப்பில்லை.

கயல் (தூத்துக்குடி)

துறையில் ஒருவரிடம் இதே மாடல் இருக்கிறது. அவருடைய சார்ஜரிலும் அதே கதைதான். என் சார்ஜர் அவருடைய லேப்டாப்பில் ஒழுங்காக வேலை செய்கிறது.

பழைய சோல்டர் (ஈரோடு)

நல்லதாப் போச்சு, சார்ஜர் கணக்கு முடிஞ்சது. இப்ப ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும், அப்பத்தான் அடுத்து ஏன் இதைச் செய்யச் சொல்றேன்னு தெரியும்.

உள்ள வர்ற 19 வோல்ட்டை போர்டு முதல்ல 3.3, 5 வோல்ட்டாக் குறைக்கும். மத்த எல்லாத்துக்கும் முன்னாடி எழுந்திரிக்கறது இந்த ரெண்டும்தான். வைஃபை கார்டு, எம்.2 எஸ்எஸ்டி எல்லாம் 3.3-ல ஓடும். யுஎஸ்பி, ஃபேன், 2.5 அங்குல ஹார்டு டிஸ்க் எல்லாம் 5-ல ஓடும். இதுல ஏதாவது ஒரு துண்டு ஷார்ட் ஆனா, அந்த வோல்ட்டைத் தர்ற ஐசி, அதாவது போர்டு மேல இருக்கற சின்ன சிப், தன்னைக் காப்பாத்திக்க உடனே அணைச்சுக்கும். வெளியில இருந்து பார்க்கறவங்களுக்கு விளக்கு ஒரு விநாடி எரிஞ்சு அணையும், அவ்வளவுதான். கெட்டது 500 ரூபாய் கார்டா, போர்டா, வெளியில இருந்து யாராலயும் சொல்ல முடியாது. சொல்றாங்கன்னா அது ஊகம். சர்வீஸ் சென்டர்ல துண்டு துண்டாக் கழட்டிப் பார்க்கறதுக்கு நேரம் கொடுக்க மாட்டாங்க, முழு போர்டை மாத்தறது அவங்களுக்குச் சுலபம்.

அதனால கழட்டிக் கழட்டிப் பார்க்கணும். தேவைப்படறது சின்ன நட்சத்திர ஸ்க்ரூடிரைவர், காலாவதியான ஏடிஎம் கார்டு, ஒரு வெள்ளைத் தாள். தாள்ல லேப்டாப்போட அடிப்பக்கத்தை வரைஞ்சு, எந்த ஓட்டையில இருந்து எந்த ஸ்க்ரூ வந்ததோ அதே இடத்துல குத்தி வைங்க. எல்லா ஸ்க்ரூவும் ஒரே நீளம் இல்லை. குட்டை ஓட்டையில நெட்டையைப் போட்டு முறுக்கினா மேல கீபோர்டுப் பக்கம் குமிழ் வரும், இல்லைன்னா போர்டையே துளைக்கும். ஏடிஎம் கார்டை விளிம்புல விட்டு மெதுவா நெம்பினா மூடி வரும்.

திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழட்டறது. சார்ஜரும் வெளியில இருக்கணும். அப்புறம் பவர் பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் பிடிங்க, மிச்சம் இருக்கற சார்ஜ் வடிஞ்சிடும். வெறும் இதுக்கே உயிர் வந்த லேப்டாப் உண்டு. இப்ப சார்ஜர் மட்டும் மாட்டி ஒரு தடவை அழுத்திப் பாருங்க.

வரலைன்னா ஒவ்வொண்ணா: எஸ்எஸ்டி, ஹார்டு டிஸ்க் கேபிள், வைஃபை கார்டு, ரேம், பக்கவாட்டுல யுஎஸ்பி இருக்கற சின்ன போர்டுக்குப் போற பட்டை கேபிள். ஒண்ணைக் கழட்டறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் சார்ஜரைப் பிடுங்கணும், இதுல சோம்பேறித்தனம் வேண்டாம். பட்டை கேபிளை இழுத்துடாதீங்க, கனெக்டர்ல சின்னக் கதவு மாதிரி ஒண்ணு இருக்கும், அதை நகத்தால தூக்கினா கேபிள் தானா வரும். பவர் பட்டன் அதே கேபிள் வழியா வருதான்னும் பார்த்துக்குங்க. அப்படி இருந்தா அந்தக் கேபிளைக் கழட்டினா ஆன் பண்ணவே முடியாது.

ரேம்ராசா (மதுரை)

வீட்ல வச்சு இதெல்லாம் பண்ணி ஸ்டாட்டிக் கரண்ட் அடிச்சு இருக்கிறதும் போயிடப்போகுது. கடைக்காரர் ஒருத்தர் கிராஃபிக்ஸ் சிப்புக்கு ஹாட் ஏர் காட்டி பத்து நிமிஷத்துல ஓட வைப்பார், அங்க கொடுக்கறது நல்லது.

பழைய சோல்டர் (ஈரோடு)

அந்த ஹாட் ஏர் வைத்தியம் எங்க இருந்து வந்ததுன்னு தெரியுமா தம்பி? 2008 ஜூலையில கிராஃபிக்ஸ் சிப் செய்யற என்விடியா கம்பெனியே, தன்னோட லேப்டாப் சிப்கள் அளவுக்கு மீறிக் கெட்டுப்போறதை ஒத்துக்கிட்டு 15 கோடியில இருந்து 20 கோடி டாலர் வரை ஒதுக்கி வச்சுது. சூடாகி ஆறி, சூடாகி ஆறி, சிப்புக்கு அடியில இருக்கற பொடிப்பொடி இணைப்புகள் விட்டுப்போச்சு. மேல சூடு காட்டினா அது தற்காலிகமா ஒட்டிக்கும், கொஞ்ச நாள் ஓடும், திரும்பவும் போயிடும். அந்தக் காலத்துச் சிப்புக்கே அது பாதி வைத்தியம். இவங்க போர்டுல வோல்ட்டே நிக்கலை, கிராஃபிக்ஸ் சிப்பைச் சுட்டு என்ன ஆகப்போகுது?

ஸ்டாட்டிக் பயம் நியாயமானதுதான். பாலியஸ்டர் துணி வேண்டாம், மெத்தை மேல வச்சுக் கழட்ட வேண்டாம். அப்பப்போ எர்த் இருக்கற உலோகம் எதையாச்சும் தொட்டுக்கணும். பீரோவைத் தொட்டாப் போதாது, அதுக்கு எர்த் கிடையாது. தண்ணிக் குழாய் இரும்பா இருந்தா அதைத் தொடுங்க, ஆனா இப்ப நிறைய வீட்ல பிளாஸ்டிக்தான், அது உதவாது.

பனங்கூடல் (யாழ்ப்பாணம்)

எங்கட வீட்டிலயும் இதே கூத்துத்தான் நடந்தது. தங்கச்சியின்ர மடிக்கணினி, அழுத்தினால் ஒருக்கா மின்னிப்போட்டு நிண்டிடும். கடைக்காரர் போர்ட் எண்டுதான் சொன்னவர். கழட்டிப் பாக்கேக்க வைஃபை கார்ட்தான் பழுது, அதை எடுத்த உடன உயிர் வந்திட்டுது. பிறகு கொஞ்சக் காலம் யுஎஸ்பியில குத்துற சின்ன வைஃபை ஒண்டோட சமாளிச்சனாங்கள். கயல் அக்கா, அந்தக் கார்டில கறுப்பும் வெள்ளையுமா ரெண்டு வயர் இருக்கும், எது எதில எண்டு முதலே போனில படம் எடுத்து வையுங்கோ.

கயல் (தூத்துக்குடி)

நேற்று இரவு திறந்தேன். அக்காவின் மகன் டார்ச் பிடித்தான்.

மூடியைத் தூக்கியதும் இடது ஓரத்தில் இருக்கும் சின்ன போர்டுதான் கண்ணில் பட்டது. யுஎஸ்பி இரண்டு, ஹெட்ஃபோன் ஓட்டை ஒன்று, எல்லாம் அதில்தான். யுஎஸ்பி கூட்டைச் சுற்றிப் பச்சையாகப் பூத்துக் கிடந்தது, செப்புக் குடத்தில் படியும் களிம்பு மாதிரி. ஜன்னல் பார்த்த பக்கம் அதுதான்.

ஆனாலும் சோல்டர் சார் சொன்ன வரிசைப்படியே போனேன். பேட்டரியைக் கழற்றிப் பட்டனைப் பிடித்தும் பலனில்லை. எஸ்எஸ்டி எடுத்தும், ஹார்டு டிஸ்க் எடுத்தும் அதேதான். வைஃபை கார்டு எடுத்தபோது பனங்கூடல் சொன்னதை நினைத்து ரொம்ப ஆசையாக அழுத்தினேன், இல்லை. ரேம் எடுத்தும் மாற்றமில்லை. கடைசியில் அந்தச் சின்ன போர்டின் பட்டை கேபிளை எடுத்துவிட்டு அழுத்தினேன். எங்கள் மாடலில் பவர் பட்டன் கீபோர்டோடு சேர்ந்தது, அதனால் தொந்தரவில்லை. விளக்கு எரிந்தது, அணையவில்லை! ஃபேன் சுற்றியது. பையன் கத்திய கத்தலில் அம்மா எழுந்து வந்துவிட்டார்கள்.

ரேமைப் போட்டதும் லோகோ வந்தது. எஸ்எஸ்டி போட்டதும் விண்டோஸ் வந்தது. இப்போது அந்தக் கேபிள் மட்டும் தொங்கிக்கொண்டிருக்க மற்றதெல்லாம் ஓடுகிறது.

மின்பொறி (சென்னை)

வாழ்த்து அப்புறம். இப்போதே, இந்த நிமிடமே அந்த இரண்டு இயல்களையும் வெளியே எடுங்கள். வலது பக்க யுஎஸ்பி வேலை செய்தால் பென் டிரைவில் ஒன்று, கூகுள் டிரைவிலோ மின்னஞ்சலிலோ இன்னொன்று.

அத்துடன் இன்னொரு வேலை. விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு நுழைகிறீர்கள் என்றால், நீங்கள் கேட்காமலே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கலாம். பிட்லாக்கர் என்பார்கள். அதன் சாவி அந்த மதர்போர்டோடு கட்டப்பட்டது. சர்வீஸ் சென்டரில் போர்டை மாற்றியிருந்தால், அடுத்த தடவை ஆன் செய்யும்போது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டிருக்கும். டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலும் அதே கேள்விதான். அந்த எண் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் பக்கத்தில் சேமிக்கப்பட்டிருக்கும். எடுத்துத் தாளில் எழுதிப் பீரோவில் வையுங்கள். 18,500 கொடுத்து போர்டை மாற்றிவிட்டு, இந்த எண் இல்லாமல் எல்லாவற்றையும் அழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கயல் (தூத்துக்குடி)

எடுத்துவிட்டேன், மூன்று இடத்தில் வைத்திருக்கிறேன். பிட்லாக்கர் போட்டுத்தான் இருந்தது. நான் போட்டதே இல்லை! எண்ணையும் எழுதிக்கொண்டேன்.

இனி அந்தச் சின்ன போர்டை என்ன செய்வது? அது இல்லாமலே ஓட்டலாமா?

பழைய சோல்டர் (ஈரோடு)

ஓட்டலாம், ஒண்ணும் ஆகாது. கேபிளோட நுனி போர்டு மேல படாம டேப் போட்டு வைங்க.

ஆனா அதுதான் குற்றவாளியான்னு உறுதி பண்ணிக்குவோம், கேபிளே நசுங்கி ஷார்ட் ஆகியிருக்கவும் வாய்ப்பு இருக்கு. யார்கிட்டயாவது மல்டிமீட்டர் இருந்தா பீப் சத்தம் வர்ற இடத்துல வைங்க. சின்ன போர்டைத் தனியாக் கழட்டி, கறுப்பு முனையை யுஎஸ்பி கூட்டோட தகரத்துல வைங்க. அந்தக் கூட்டுக்குப் பக்கத்துல அஞ்சு காலோட பொடி ஐசி ஒண்ணு இருக்கும், யுஎஸ்பிக்கு 5 வோல்ட்டைத் திறந்து விடற காவல்காரன் அது. அதை ஒட்டி பழுப்பு நிறத்துல கடுகு கடுகா கெப்பாசிட்டர்கள் இருக்கும். சிவப்பு முனையை ஒவ்வொண்ணோட ரெண்டு நுனியிலயும் வைங்க. அங்க இருக்கற கெப்பாசிட்டருக்குப் பெரும்பாலும் ஒரு நுனி கிரவுண்டுதான் (கூட்டோட தகரத்தோட சேர்ந்தது), அங்க பீப் வரும், பயப்படாதீங்க. ரெண்டு நுனியிலயும் பீப் வந்தா அந்த லைன் ஷார்ட்.

மதர்போர்டுல ப்ராசஸர் பக்கத்துக் காயில்ல இதே மாதிரி வச்சுப் பார்த்துட்டு "ஷார்ட்"னு சொல்லாதீங்க. அங்க ஓம் கணக்கே (மின்தடை) ரொம்பக் குறைவா இருக்கும், நல்ல போர்டுலயும் பீப் அடிக்கும். புதுசாக் கத்துக்கறவங்க நிறைய பேர் நல்ல போர்டைத் தூக்கிப் போடறது அந்த இடத்துலதான்.

கயல் (தூத்துக்குடி)

இயற்பியல் துறை ஆய்வகத்தில் மீட்டர் வாங்கி அளந்தேன். ஐசிக்கு மேலே இருக்கும் கெப்பாசிட்டரில் இரண்டு நுனியிலும் பீப். கேபிளை மட்டும் தனியாகச் சோதித்ததில் ஒன்றுமில்லை.

பழைய சோல்டர் (ஈரோடு)

அப்ப சந்தேகமே இல்லை. உப்புக்காத்து ஈரத்தோட உள்ள போய் 5 வோல்ட் லைன்ல பாதை போட்டிருக்கு, இல்லைன்னா அந்தக் கெப்பாசிட்டரே உள்ளுக்குள்ள வெடிச்சு ஷார்ட் ஆகியிருக்கு. பீங்கான் கெப்பாசிட்டருக்கு ரெண்டாவது ரொம்ப சகஜம், வெளியில ஒரு கீறல்கூடத் தெரியாது. என் மேஜைக்கு வந்தா அதை எடுத்துட்டுப் பார்ப்பேன். ஆனா நீங்க சொல்ற களிம்பைக் கேட்டா போர்டையே மாத்தறது மேல். இன்னிக்கு ஒண்ணைச் சரிபண்ணினா ஆடி மாசம் இன்னொண்ணு போகும்.

மின்பொறி (சென்னை)

லேப்டாப் மாடல் பெயரைச் சொல்லி வாங்காதீர்கள், ஒரே மாடல் பெயரில் நாலு விதமான போர்டு வரும். அந்தச் சின்ன போர்டின் மேலேயே எண் அச்சிட்டிருக்கும். பல கம்பெனிகளுக்கு லேப்டாப் செய்து தரும் காம்பல் தயாரித்ததாக இருந்தால் மதர்போர்டுக்கு எல்.ஏ. என்றும் இந்த மாதிரி குட்டி போர்டுகளுக்கு எல்.எஸ். என்றும் தொடங்கும். அதே மாதிரி இன்னொரு கம்பெனியான குவாண்டா என்றால் பெரும்பாலும் டி.ஏ. என்று தொடங்கும். முழு எண்ணையும் அப்படியே எழுதிக் கடைக்காரருக்கு வாட்ஸப்பில் படத்தோடு அனுப்புங்கள். சென்னை ரிச்சி தெருவில் பழைய லேப்டாப் உதிரி விற்கும் கடைகளில் கழற்றிய போர்டாகக் கிடைக்கும், சில நூறு ரூபாய்தான் இருக்கும். இணையத்திலும் உண்டு. கேபிள் கனெக்டரின் கால்களை எண்ணி ஒப்பிட்டுவிட்டுப் பணம் அனுப்புங்கள்.

தென்றல்வண்டி (கரூர்)

இதே இழையில் கேட்கலாமா? என்னுடையது டைப்-சி சார்ஜர் லேப்டாப். ஆன் ஆகவில்லை. யுஎஸ்பி மீட்டர் வாங்கி நடுவில் போட்டுப் பார்த்தால் 5 வோல்ட்டிலேயே நிற்கிறது. இதிலும் ஏதாவது கழற்றிப் பார்க்கலாமா?

பழைய சோல்டர் (ஈரோடு)

தனி இழை போடுங்க, இங்க கலந்தா ரெண்டு பேருக்கும் குழப்பம். சுருக்கமாச் சொல்றேன். டைப்-சி சார்ஜர் முதல்ல 5 வோல்ட்தான் தரும், லேப்டாப் "எனக்கு 20 வேணும்"னு கேட்டாத்தான் ஏத்தும். 5-லயே நிக்குதுன்னா கேட்கற ஆள் கேட்கலை, இல்லைன்னா கேட்டது காதுல விழலை. கேபிளை மாத்திப் பாருங்க, ரெண்டாவது டைப்-சி ஓட்டை இருந்தா அதுல குத்துங்க, ஓட்டைக்குள்ள நடு நாக்கு உடைஞ்சிருக்கா, தூசி அடைச்சிருக்கான்னு பாருங்க. அதுக்கு அப்புறமும் 5-ன்னா போர்டுல அந்தப் பேச்சுவார்த்தை ஐசி வேலை, அது வீட்டு வேலை இல்லை. புது இழையில மீட்டர்ல ஆம்பியர் எவ்வளவுன்னும் எழுதுங்க, வெறும் வோல்ட் போதாது.

கயல் (தூத்துக்குடி)

போர்டு வந்து மாட்டியாயிற்று. கூரியரோடு சேர்த்து 650 ரூபாய். யுஎஸ்பி இரண்டும் வேலை செய்கிறது, ஹெட்ஃபோனும் கேட்கிறது. லேப்டாப்பை ஜன்னலிலிருந்து அறையின் மறுகோடிக்கு மாற்றிவிட்டேன்.

ஒரே ஒரு சந்தேகம். பேட்டரியைக் கழற்றி மாட்டியதிலிருந்து தேதி தப்பாக வருகிறது, 2018 என்று காட்டுகிறது. பிரவுசரில் எந்தத் தளத்துக்குப் போனாலும் பாதுகாப்பில்லை என்று தடுக்கிறது. கையால் தேதியைச் சரிசெய்தால் சரியாகிறது, பேட்டரியைக் கழற்றினால் மறுபடி பழையபடி. வேறு ஏதாவது கெட்டுவிட்டதா?

பழைய சோல்டர் (ஈரோடு)

கெடலை. உள்ள காசு அளவுல ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032, 3 வோல்ட். கடிகாரத்தை ஓட்டறது அதுதான், தீர்ந்துபோச்சு. தேதி பின்னால போனதால தளங்களோட சான்றிதழ் எல்லாம் "இன்னும் தொடங்கவே இல்லை"ன்னு பிரவுசர் நினைக்குது. லேப்டாப்புல அது பெரும்பாலும் ரெண்டு வயரோட கறுப்பு உறைக்குள்ள இருக்கும், அதனால வாட்ச் கடையில வெறும் பேட்டரி வாங்காம வயரோட இருக்கறதாக் கேளுங்க. மாத்தறப்போ பெரிய பேட்டரியை மறுபடி முதல்ல கழட்டிடுங்க. மாத்தின அப்புறம் பயாஸ்ல (விண்டோஸுக்கு முன்னாடி வர்ற செட்டிங் திரை) தேதியைப் போட்டு எஃப்10 அடிச்சு சேமிச்சுடுங்க, சில மாடல்ல சேமிக்கற பட்டன் வேற, கீழ திரையிலயே எழுதியிருக்கும்.